எங்கள் ஊர் ரோட்டுக்குத் தார் வேண்டாம் என்றேன்

சிங்கப்பூரில் எனக்கு வேலையே தார் போடுவதுதான். 2004-ல் கூலியாக வந்தேன். இப்போது இரவு நேரச் சாலைப் பணிகளுக்கு மேற்பார்வையாளர். ஊர் அடங்கியபிறகு கூம்புகளை வரிசையாக நிறுத்தி, பழைய மேல்தோலை மில்லிங் இயந்திரத்தால் சுரண்டி எடுத்து, லாரியில் சூடாக வந்து இறங்கும் பிரீமிக்ஸை, அதாவது தாரும் ஜல்லியும் கலந்த கலவையைப் பரப்பி, அது ஆறுவதற்குள் ரோலரை ஓட்டி, முதல் பஸ் வருவதற்குமுன் இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். இத்தனை வருடமாக இந்தப் பிழைப்பில் இருப்பவன், 2022 டிசம்பரில், மன்னார்குடிப் பக்கம் இருக்கும், உடைத்த கல்லைப் பரப்பி இறுக்கிய எங்கள் ஊர்க் கப்பி ரோட்டுக்கு "இப்போதைக்குத் தார் வேண்டாம், கப்பியே இருக்கட்டும்" என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். அன்றைக்கு ஆரம்பித்த மன உளைச்சல் இன்னும் முழுசாக அடங்கவில்லை. நான் சொன்னதைத் தப்பு என்று ஒதுக்கவும் முடியவில்லை, சரி என்று நிமிர்ந்து நிற்கவும் முடியவில்லை. உட்கார்ந்து எழுதிப் பார்த்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ரோடு 1.6 கிலோமீட்டர். பஸ் நிற்கும் பெரிய ரோட்டிலிருந்து பிரிந்து, வாய்க்கால் கரையோரமாக வந்து, வயல்களுக்கு நடுவே திரும்பி, மாரியம்மன் கோயில் திடலில் முடியும். நான் சின்னப் பையனாக இருந்தபோது அது வெறும் வண்டித்தடம். அப்புறம் செம்மண் கிராவல் அடித்தார்கள், அதற்கும் அப்புறம் கப்பி போட்டார்கள். டெல்டாவில் கல் கிடையாது. ஒரு லோடு கல் வேண்டுமென்றாலும் புதுக்கோட்டைப் பக்கத்துக் குவாரியிலிருந்துதான் வரவேண்டும். அதனால் எங்கள் ஊரில் கப்பி ரோடு வந்ததே ஒரு பெருமையாக இருந்தது. கோடையில் புழுதி. அறுவடை நேரத்தில் நெல் லாரியும் அறுப்பு மெஷினும் உள்ளே வந்து போனால், ரோட்டோரத்து வீடுகளில் வாசல் கதவைத் திறந்து வைக்க முடியாது. அம்மா முருங்கைக்கீரையை மூன்று தண்ணீரில் அலசுவார். முதல் தண்ணீர் செங்கல் நிறத்தில் இறங்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் அதே புழுதி சேறாகி, சைக்கிள் மட்கார்டில் அப்பிக்கொண்டு சக்கரத்தை நிறுத்திவிடும்.

இதையெல்லாம் அனுபவித்து வளர்ந்தவன்தான் தார் வேண்டாம் என்று எழுதினேன்.

கல்லுக்குக் கீழே இருப்பது

ரோட்டு வேலையில் இறங்கிய எவருக்கும் ஒரு விஷயம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். கண்ணுக்குத் தெரிகிற கறுப்பு வெறும் மேல்சட்டை. வண்டியின் பாரத்தைத் தாங்குவது அடியில் இருக்கும் மண். அந்த மண் காய்ந்து இறுகி இருக்கும்வரை எதுவும் ஆகாது. ஊறிவிட்டால் மேலே தங்கத் தகடு போட்டாலும் அமுங்கும். 1800-களின் தொடக்கத்திலேயே ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மெக்காடம் இதைத்தான் சொன்னார். சுற்றியிருக்கும் நிலத்தைவிட ரோட்டை உயர்த்து, நடுவில் முதுகு வைத்து இரண்டு பக்கமும் சரியவிடு, சின்னச் சின்னதாக உடைத்த கல்லைப் பரப்பி இறுக்கு, அடிமண்ணைக் காயவை. ஒரு கல் 6 அவுன்சுக்குமேல் இருக்கக் கூடாது என்று எடைபோட்டுப் பார்த்தவர் அவர். எங்கள் ஊரில் நாம் கப்பி ரோடு என்று சொல்வது அவர் பேரப்பிள்ளைதான். கல்லோடு தாரைக் கலக்கும் முறைக்கு 1902-ல் காப்புரிமை வாங்கியவர் எட்கர் ஹூலி என்ற இன்னொருவர். மெக்காடம் செத்து அறுபத்தைந்து வருடம் கழித்து. அதாவது, நல்ல ரோடு என்பது தார் வருவதற்கு முன்பே உலகத்தில் இருந்தது.

கப்பி ரோட்டுக்கு ஒரு மீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் சரிவு வேண்டும். தார் ரோட்டுக்கு அதைவிடக் குறைவாக இருந்தாலும் தண்ணீர் ஓடிவிடும், ஏனென்றால் மேற்பரப்பு வழவழப்பு. இந்தச் சின்ன வித்தியாசத்தை லேசாக நினைக்கக் கூடாது. எங்கள் ஊர் ரோட்டில் முதுகே கிடையாது. வருடக் கணக்காக டிராக்டர் ஓடி ஓடி நடுப்பகுதி தேய்ந்து, இரண்டு சக்கரத் தடமும் வாய்க்கால் மாதிரி ஆகியிருந்தது. ரோடு தண்ணீரை வெளியே தள்ளவில்லை, உள்ளே வாங்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு பயமும் எனக்கு இருந்தது. பக்கத்து ஊரில் இதே மாதிரி ரோட்டின்மேல், அடியில் எதையும் தொடாமல், 20 மில்லிமீட்டர் கார்பெட், அதாவது மெல்லிய தார்த் தோல் மட்டும் போட்டார்கள். போட்ட அன்று பார்த்தால் பாம்புச் சட்டை மாதிரி மினுமினுப்பு. இரண்டு மழைக்காலம்தான் தாங்கியது. ஓரம் முதலில் உடைந்தது, அப்புறம் நடுவில் முதலைத் தோல் மாதிரி வெடித்தது, அப்புறம் துண்டு துண்டாகப் பெயர்ந்து குழியானது. கப்பி ரோட்டில் பள்ளம் விழுந்தால் ஊர்க்காரர்களே ஒரு டிராக்டர் பெட்டி கிராவல் கொட்டி, பிளேடு வைத்து இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம். உடைந்த தார் ரோட்டில் அது நடக்காது. குழியின் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். மோட்டார் சைக்கிளில் போகிறவர் அதில் சக்கரத்தை விட்டால் கீழே விழுவார். மறுபடி தார் போட நிதி வரும்வரை, அந்த ஊர்க்காரர்கள் ரோட்டை விட்டு இறங்கி வரப்போரமாக வண்டி ஓட்டினார்கள். இதை நான் விடுப்பில் போனபோது என் கண்ணால் பார்த்தேன்.

உபின் தீவில் ஒரு மழை

2022 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈசூன் வீட்டில் என்னோடு அறையில் இருக்கும் மூன்று பேரும் நானும் பூலாவ் உபின் போனோம். சாங்கி முனையில் பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருந்து படகு ஏறினால் பத்து நிமிஷம். இறங்கியதும் வாடகைச் சைக்கிள். உபின் என்றாலே கருங்கல் என்று அர்த்தம் சொல்வார்கள். அந்தத் தீவின் கல்லை வெட்டித்தான் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தையும் ஜோகூருக்குப் போகும் கடற்பாலத்தையும் கட்டினார்கள். இப்போது குவாரிகளெல்லாம் மூடி, குளமாக நிற்கின்றன.

தீவுக்குள் கொஞ்ச தூரம் தார், மீதி கிராவல். கிராவல் பாதைக்குள் நுழைந்ததுமே வானம் கொட்ட ஆரம்பித்தது. ஒரு தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கினோம். சிங்கப்பூரில் வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்குமேல் மழை. அதில் ஒரு பங்கை அன்றைக்கே கொட்டித் தீர்த்த மாதிரி இருந்தது. மற்றவர்கள் கைப்பேசியை எடுத்துக்கொண்டார்கள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தொழில் புத்தி. பாதைக்கு நடுவில் லேசான முதுகு இருந்தது. விழுந்த தண்ணீர் அதில் நிற்காமல், சின்னச் சின்ன நூலாகப் பிரிந்து, இலைச்சருகை முன்னால் தள்ளிக்கொண்டு ஓரத்துப் பள்ளத்தில் இறங்கியது. பள்ளம் நிறைந்து, சரிவில் ஓடி, ஒரு குழாய் வழியாகப் பாதையைத் தாண்டிப் புதருக்குள் போனது. மழை விட்டு அரைமணி நேரத்தில் நாங்கள் சைக்கிளை எடுத்தோம். டயரில் சேறு ஒட்டவில்லை.

அன்று இரவே குழுவில் எழுதினேன். நீளமாகவே எழுதினேன். முதலில் வாய்க்கால் மதகைச் சரிசெய்யுங்கள், ரோட்டுக்கு முதுகு கொடுங்கள், இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டுங்கள். கப்பியை நன்றாக இறுக்கிப் போட்டால் போதும், தாருக்கு இப்போது அவசரம் இல்லை என்று.

இன்றைக்கு அதைப் படித்தால் ஒரு ஓட்டை கண்ணில் படுகிறது. உபினில் அடியில் இருப்பது கருங்கல் சிதைந்த மண், களிமண்ணைவிடத் தண்ணீர் சுலபமாக இறங்கும். அதன்மேல் ஓடுவது சைக்கிளும் சில வேன்களும்தான். எங்கள் ஊரில் அடியில் இருப்பது பாண்டம் செய்யலாம் போன்ற களிமண். மேலே ஓடுவது பத்து டன் நெல் ஏற்றிய லாரி. அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும் என்று 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் லாரிகளை ஓட்டியே சோதித்துக் கண்டிருக்கிறார்கள். அதுவும் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கொட்டகையில் நின்றபோது ஓடுகிற தண்ணீரின் அழகில் அதெல்லாம் மறந்துபோனது.

பதில்கள் வரிசையாக வந்தன. துபாயில் இருக்கும் ஒரு மாமா, "பிளாஸ்டிக் ரோடு போட்டால் தண்ணீர் ஒன்றும் செய்யாதே" என்று கேட்டார். நல்ல கேள்வி. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த முறை அது. 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின்மேல் தூவினால் உருகிக் கல்லைப் பூசிக்கொள்ளும், அதற்குமேல் தாரைக் கலந்தால் கல்லும் தாரும் மழையில் லேசில் பிரியாது. எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அது மேல்தோலுக்கு மருந்து, எங்கள் ரோட்டுக்கு வியாதி அடிவயிற்றில். இதை விளக்கி எழுதினேன். சித்தப்பா ஒருவர், "நிதி வர்றப்ப வாங்கிப் போட்டுக்கணும், வேணாம்னு சொன்னா அடுத்த ஊருக்குப் போயிடும்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அது உண்மை.

அம்மா குழுவில் இல்லை. தம்பி படித்துக் காட்டியிருக்கிறான்.

கட்டில்

மறுநாள் மதியம் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அம்மா பகலில் கூப்பிடவே மாட்டார், இரவு வேலை என்று தெரியும். அன்றைக்குக் கூப்பிட்டார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"ஏண்டா தம்பி, ஊரான் ரோட்டுக்கெல்லாம் நீ தார் போடுவ. எங்களுக்குக் கப்பி போதுமா?"

நான் மதகு, முதுகு, பள்ளம் என்று ஆரம்பித்தேன். அம்மா இடையில் புகவில்லை. முழுசாகச் சொல்லவிட்டார். அப்புறம் சொன்னார்: "உங்க அப்பாவக் கட்டில்ல வச்சு இந்த ரோட்டுல தூக்கிட்டுப் போனது உனக்குத் தெரியுமா? தூக்குன நாலு பேர்ல ஒருத்தன் உன் ஊர்லதான் இருக்கான். அவனப் போயிக் கேளு." வைத்துவிட்டார்.

அப்பா இறந்தது 2015 நவம்பரில். மழைக்கால இரவு, நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது. எனக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். மறுநாள் விமானத்தில் திருச்சி இறங்கி வீட்டுக்குப் போனபோது பந்தல் போட்டிருந்தார்கள். அந்த இரவில் என்ன நடந்தது என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் நான் அங்கே இல்லாமல் போனது இன்னும் பெரிதாகிவிடும் என்ற பயம் இருந்தது என்று இப்போது புரிகிறது. ஏழு வருடம் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

அந்த ஞாயிறு, இங்கே நம் ஊர்க்காரர்கள் கூடும் லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போனேன். அம்மா சொன்னவர் எனக்குப் பங்காளி முறையில் அண்ணன், துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை. டீ வாங்கிக்கொண்டு ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்தோம். எங்களைச் சுற்றி ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்களும் பெட்டி கட்டுகிறவர்களுமாக ஒரே இரைச்சல். அண்ணன் தணிந்த குரலில்தான் பேசினார்.

108 வண்டி கூப்பிட்ட இருபத்தைந்தாவது நிமிஷம் பெரிய ரோட்டுக்கு வந்துவிட்டது. உள்ளே திரும்பி, வாய்க்கால் வளைவு வரைக்கும் வந்தது. அங்கே நின்றுவிட்டது. வளைவில் முழங்காலுக்குமேல் தண்ணீர், ரோடு எது வாய்க்கால் எது என்று தெரியவில்லை. டிரைவர் டார்ச் எடுத்துக்கொண்டு இறங்கி, ஒரு கம்பால் குத்திப் பார்த்துக்கொண்டே பத்தடி வந்திருக்கிறார். அதற்குமேல் கம்பு ஆழமாகப் போயிருக்கிறது. "அவர் மேல தப்பே இல்ல தம்பி. வண்டி வாய்க்காலுக்குள்ள போயிருந்தா எல்லாருக்கும் ஆபத்து." அதனால் வீட்டிலிருந்து வளைவு வரைக்கும் கயிற்றுக் கட்டிலில் தூக்கினார்கள். என் தம்பி முன்னால் நடந்தான், காலால் தடவித் தடவி ரோட்டின் ஓரத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டே. அம்மா பின்னால் வந்திருக்கிறார், சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு. இன்னொரு கையில் அப்பாவின் செருப்பு. "ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பி வர்றப்ப போட்டுக்க வேணும்ல, அதான்" என்றார் அண்ணன்.

டீ ஆறிப்போயிருந்தது. அவரும் குடிக்கவில்லை.

திரும்பும்போது ரயிலில் உட்கார்ந்து யோசித்தேன். வீட்டிலிருந்து வளைவு வரை கப்பி ரோடுதான். பெரிய ரோட்டிலிருந்து வளைவு வரையிலும் கப்பி ரோடுதான், அதில் 108 வண்டி வந்துவிட்டது. நின்றது அந்த வளைவில். ரோட்டின் ஒரு மூலையில், முப்பது நாற்பது மீட்டரில். அன்று அந்த ரோட்டில் தார் இருந்திருந்தாலும் வண்டி அங்கேதான் நின்றிருக்கும். தண்ணீருக்கு அடியில் தார் இருக்கிறதா கப்பி இருக்கிறதா என்று டிரைவரின் கம்புக்குத் தெரியாது. எனக்கு முதலில் வந்தது, நான் சொன்னது சரிதான் என்ற எண்ணம். அடுத்த நொடியே அதற்காக வெட்கப்பட்டேன். அம்மா கேட்டது தாரா கப்பியா என்ற கணக்கை இல்லை. எங்கள் வீட்டு வாசலுக்கு வண்டி வரவேண்டும், எந்த மழையிலும் வரவேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. நான் அதைக் காதில் வாங்காமல் ரோட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். மதகு முதலில் வேண்டும் என்று சொன்னவன், அது எதற்காக வேண்டும் என்று ஊருக்குப் புரிகிறமாதிரி ஒரு வரிகூட எழுதவில்லை. "தாருக்கு அவசரம் இல்லை" என்று மட்டும் எல்லோர் மனதிலும் நிற்கும்படி எழுதியிருந்தேன். யாருக்கு அவசரம் இல்லை?

இங்கே சிங்கப்பூரில், பூவாங்கோக்கில் இன்னும் ஒரு கம்பம், அதாவது பழைய கிராமம், மிச்சம் இருக்கிறது. அடுக்குமாடிகளுக்கு நடுவே தகரக் கூரையும் மண்பாதையுமாக, சிங்கப்பூரின் பெரிய தீவில் மிஞ்சிய கடைசிக் கம்பம். வெள்ளம் வந்தால் துணியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததால் மலாய்க்காரர்கள் அதற்குச் செலாக் காயின் என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள். துணியைத் தூக்கு என்று அர்த்தம். ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பக்கம் இறங்கி, மண்பாதையின் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். காமிராவோடு வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த இரவில் சேலையைத் தூக்கிப் பிடித்த அம்மாவின் கைதான் ஞாபகத்தில் இருந்தது.

சொட்டு நீலம்

மறுபடி குழுவில் எழுதினேன். இந்த முறை சின்னதாக. தார் வேண்டும், நானும் கேட்கிறேன். ஆனால் 2015-ல் 108 நின்ற இடத்தில் இனி தண்ணீர் நிற்காது என்று உறுதியான பிறகு தார். அவ்வளவுதான் எழுதினேன். அந்த இரவைப் பார்த்தவர்கள் அந்தக் குழுவில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர்கூட எதிர்த்து எழுதவில்லை.

ஆனால் வளைவில் தண்ணீர் ஏன் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. "எப்பவும் நிக்கும்" என்பதுதான் பதில். மட்டம் எடுக்கக் கருவி இல்லை. தம்பியிடம் பன்னிரண்டு மீட்டர், கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் வாங்கச் சொன்னேன், கொத்தனார்கள் மட்டம் பார்ப்பது. தண்ணீர் நிரப்பும்போது உள்ளே குமிழி இருக்கக் கூடாது. ஒரு சொட்டு நீலம் விட்டால் வெயிலில் மட்டம் தெளிவாகத் தெரியும். ஞாயிறு காலை வீடியோ அழைப்பில் நான் ஈசூனில் உட்கார்ந்து நோட்டில் எழுத, தம்பி ஒரு முனையைப் பிடிக்க, இன்னொரு முனையைப் பிடித்தது அம்மா. பத்து மீட்டருக்கு ஒரு குச்சி. "இன்னும் கொஞ்சம் கீழ எறக்கும்மா", "போதும்டா, கை வலிக்குது" என்று இரண்டு ஞாயிறு. வளைவு, இரு பக்கத்தைவிட 42 சென்டிமீட்டர் பள்ளத்தில் இருந்தது. அதுவாவது எதிர்பார்த்தது. எதிர்பாராதது ஒன்று கிடைத்தது. பள்ளத்தின் அடியில் தம்பியின் கடப்பாறை செங்கலில் இடித்தது. தோண்டினால், வில் மாதிரி வளைத்துக் கட்டிய பழைய மதகு ஒன்று. யார் காலத்திலோ கட்டியது. ஒரு வாயைக் காட்டாமணக்கு வேர் அடைத்திருந்தது. இன்னொரு வாய், வயலுக்கு டிராக்டர் இறக்க யாரோ மண் போட்டு மேடாக்கியதில் புதைந்துபோயிருந்தது. தண்ணீர் போக வழி வைத்திருந்த இடத்தை நாமே மூடிவிட்டு, தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

மண் போட்டவர் சொந்தக்காரர்தான். பேச்சு கொஞ்சம் தடித்தது, பிறகு சரியானது. ரோட்டோர வயல்காரர்களிடம் பள்ளம் வெட்ட இரண்டடி நிலம் கேட்டது அதைவிடக் கஷ்டம். எப்படியோ முடிந்தது, அதை விரித்து எழுத எனக்கு விருப்பமில்லை.

2023 மே 1 கிராம சபையில் தம்பி எண்களைப் படித்தான். எது முதலில், எது அடுத்து என்ற வரிசையோடு தீர்மானம் போட்டார்கள்: வளைவில் குழாய்ப் பாலம், ரோட்டை உயர்த்துதல், ஓரப் பள்ளம், இரண்டு அடுக்குக் கப்பி, கடைசியில் தார். ஒன்றியத்திலிருந்து வந்த பொறியாளர் நோட்டைக் கேட்டு வாங்கிப் போனார். டியூப் பிடித்தது யார் என்று அவர் கேட்டதற்கு அம்மா கையைத் தூக்கினார் என்று தம்பி சொன்னான்.

போட்டபிறகு

2024 கோடையில் வேலை நடந்தது. 900 மில்லிமீட்டர் ஹியூம் பைப் என்கிற கான்கிரீட் குழாய் இரண்டு, அவற்றின்மேல் இரண்டடி மண் மூடல். குறைவாக மூடினால் நெல் லாரி ஏறும்போது குழாய் வெடிக்கும் என்பதால் அதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கப்பியை அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு உருட்டினார்கள். ஒவ்வொரு நாள் வீடியோவையும் வேலைக்குக் கிளம்புவதற்குமுன் பார்த்தேன். கடைசியில் 20 மில்லிமீட்டர் கார்பெட். அந்தக் கார்பெட் அப்படியே விட்டால் சல்லடை மாதிரி, தண்ணீர் உள்ளே இறங்கும். அதனால் அதன்மேல் துளைகளை அடைக்கும் சீல் கோட் கட்டாயம். ஒப்பந்தக்காரர் கார்பெட்டோடு கிளம்பப் பார்த்தார். "அடுத்த வாரம் வந்து அடிக்கிறோம்" என்றார். தம்பி மூன்று வாரம் தினமும் போன் செய்து வரவழைத்தான். அந்த மூன்று வாரமும் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை, நல்லவேளை மழை இல்லை.

நவம்பர் கடைசியில், ஃபெஞ்சல் புயல் கரையேறுவதற்குமுன், டெல்டாவில் கொட்டித் தீர்த்ததே, அந்த மழை. பல ஊர்களில் சம்பாப் பயிர் மூழ்கியது. எங்கள் வயலிலும் தண்ணீர் நின்றது, ரோடு அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. வளைவில் நிற்கவில்லை. தம்பி இரவில் டார்ச் அடித்து எடுத்த வீடியோவில் ஒன்றுமே தெரியவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு விழும் சத்தம் மட்டும் இருந்தது. அன்று ஒரு இடைவேளையில், ரோலரின் பக்கத்தில் நின்று, அதைக் காதோரம் வைத்து நாலைந்து முறை கேட்டேன்.

2025 பொங்கலுக்குப் போனபோது நடந்து பார்த்தேன். அம்மா இப்போது கீரையை ஒரு தண்ணீரில்தான் அலசுகிறார். பள்ளிக்கூட வேன் கோயில் வரைக்கும் வருகிறது. கஷ்டமும் வந்திருக்கிறது. பையன்கள் மோட்டார் சைக்கிளை விரட்டுகிறார்கள், ஒரு கன்றுக்குட்டி அடிபட்டது. ரோடு நன்றாக இருக்கிறது என்று லாரிக்காரர்கள் முன்பைவிட அதிகமாக ஏற்றிக்கொண்டு உள்ளே வருகிறார்கள். பதினாறு மடங்குக் கணக்கு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. வளைவைத் தாண்டி ஓரிடத்தில் மெல்லிய விரிசல் ஒன்று பார்த்தேன். பத்து ரூபாய் நாணயத்தின் விளிம்புகூட நுழையாத அளவு. சொட்டு நீலம் கரைத்த தண்ணீரை அதன்மேல் ஊற்றிப் பார்த்தேன். உள்ளே இறங்காமல் ஓரத்துக்கு ஓடியது.

புரட்டாசி பிறந்தால் குழாய் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று கைப்பேசியில் குறித்து வைத்திருக்கிறேன். காட்டாமணக்கு ஒரே வருடத்தில் வந்து அடைத்துவிடும். இந்த வருடம் அலாரம் அடித்தபோது நான் அங் மோ கியோவில் வேலையில் இருந்தேன். "குழாய் வாயைப் பார்த்தியா?" என்று தம்பிக்கு ஒரு வரி அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் ஒரு படம் வந்தது. வாய்க்காலுக்குள் முழங்கால் தண்ணீரில் அம்மா நிற்கிறார், சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, கையில் அரிவாள். கரையில் ஒரு குவியல் காட்டாமணக்கு. படத்துக்குக் கீழே தம்பி எழுதியிருந்தான்: "நேத்தே முடிச்சுட்டாங்கண்ணே."